சாவின் ஆட்டமும் கம்பத்து ஆட்டமும்

(கோவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு படத்தைப் பற்றிச் சொல்லித் தொடங்குகிறேன். மரத்தில் செதுக்கி அச்சிட்ட படம். உயரம் ஆறரை சென்டிமீட்டர், அகலம் ஐந்து சென்டிமீட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதற்குள் ஒரு முழு மாலைப்பொழுது அடங்கியிருக்கிறது. வயதான உழவர் ஒருவர் ஏர் ஓட்டுகிறார். கந்தல் உடுப்பு, கூன் விழுந்த முதுகு, கை மேழியில். முன்னால் நான்கு குதிரைகள். தூரத்தில் ஒரு தேவாலயம். அதற்குப் பின்னால் பொழுது இறங்குகிறது. கதிர்கள் வானம் முழுக்க விரிந்து கிடக்கின்றன. குதிரைகளின் பக்கத்தில், சாட்டையை ஓங்கிக்கொண்டு, ஒரு எலும்புக்கூடு ஓடுகிறது.

பண்ணையம் பார்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இந்த அரங்கில் பலர் இருக்கிறீர்கள். நீங்கள் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று புரியும். அந்த எலும்புக்கூடு கிழவரை இழுக்கவில்லை, அடிக்கவில்லை. கடைசிச் சால் ஓட்டி முடிக்க அவருக்கு உதவுகிறது. வாழ்நாள் முழுக்க மண்ணைப் புரட்டிய ஒருவருக்குச் சாவு ஏரோட்டத் துணைக்கு வந்திருக்கிறது.

இந்தப் படத்தை வரைந்தவர் ஹான்ஸ் ஹோல்பைன். ஓவியரான தகப்பனாருக்கும் அதே பெயர் என்பதால் இவரை இளைய ஹோல்பைன் என்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரத்தில் 1523 முதல் 1526 வரையான காலத்தில், இந்தப் படம் இடம்பெறும் 'சாவின் ஆட்டம்' என்ற வரிசையை வரைந்தார். மரக்கட்டையில் செதுக்கியவர் ஹான்ஸ் லூட்சல்பர்கர். ஓவியர் போட்ட கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மீதி மரம் முழுவதையும் கத்தியால் எடுத்துவிட வேண்டும். எழுந்து நிற்கும் கோடு மையை வாங்கும். ஏரின் நிழலும் குதிரையின் விலாவும் மயிரிழை அகலக் கோடுகளால் ஆனவை. கத்தி ஒருமுறை வழுக்கினால் கட்டை வீண். லூட்சல்பர்கர் 1526இல், வேலை முழுவதும் முடியுமுன்னே இறந்துபோனார். கட்டைகள் கைமாறி பிரான்சின் லியோன் நகரத்துக்குப் போய், 1538இல் டிரெக்செல் சகோதரர்களால் 41 படங்கள் கொண்ட புத்தகமாக வெளிவந்தன. அந்தப் புத்தகத்தில் ஹோல்பைன் பெயர் எங்கும் இல்லை. படங்களைச் செய்தவர் இறந்துவிட்டார் என்று முன்னுரை வருந்துகிறது. சாவைப் பற்றிய புத்தகம் வெளிவரும் முன்பே அதைச் செதுக்கிய கையைச் சாவு கொண்டுபோய்விட்டது.

'சாவின் ஆட்டம்' ஹோல்பைன் கண்டுபிடித்தது கிடையாது. 1347இல் ஐரோப்பாவில் நுழைந்த பிளேக், 1351க்குள் அங்கிருந்த மக்களில் மூன்றில் ஒரு பங்கையாவது கொண்டுபோயிற்று. அதோடு நிற்கவும் இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை திரும்பி வந்தது. 1424–25இல் பாரிஸ் நகரின் இன்னசன்ட்ஸ் கல்லறைத் தோட்டத்துச் சுவரில் ஒரு நீண்ட ஓவியம் எழுந்தது. உயிரோடு இருப்பவர் ஒருவர், பிணம் ஒன்று, மீண்டும் உயிரோடு இருப்பவர், மீண்டும் பிணம் என்று கை கோத்த வரிசை. போப் முதலில், பேரரசன் அடுத்து, அப்படியே இறங்கி உழவன், குழந்தை வரை. 1485இல் கூயோ மர்ஷான் என்ற பாரிஸ் அச்சுக்காரர் அதை மரச்செதுக்குப் படங்களாக்கி விற்றார். பின்னாளில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இன்று நமக்குத் தெரிவதெல்லாம் அச்சில் தப்பியதுதான். பாசெல் நகரத்திலும் டொமினிக்கன் துறவியர் கல்லறைச் சுவரில் 1440 வாக்கில் அப்படி ஓர் ஓவியம் வரைந்திருந்தார்கள். ஹோல்பைன் அதே ஊரில் வாழ்ந்தவர்.

அவர் செய்த பெரிய மாற்றம், கை கோத்த வரிசையைக் கலைத்ததுதான். சாவை ஒவ்வொருவரின் வேலையிடத்துக்கும் தனித்தனியாக அனுப்பினார். நீதிபதியின் படத்தைப் பாருங்கள். பணக்காரன் பையைத் திறந்து காசு எடுக்கிறான், நீதிபதி கையை நீட்டுகிறார், ஏழை ஒருவன் ஓரமாக நிற்கிறான். நீதிபதிக்குப் பின்னாலிருந்து சாவு அவருடைய கோலைப் பிடுங்குகிறது. பணக்காரனின் படத்தில், கம்பி போட்ட சன்னலுக்குள் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவனின் மேசையிலிருந்து சாவு காசை அள்ளுகிறது. அவன் கதறுவது தன் உயிருக்காகவா, காசுக்காகவா என்று சொல்ல முடியவில்லை. இதெல்லாம் வரையப்பட்டபோது, 1524–25இல், ஜெர்மன் நாடுகளில் உழவர்கள் கிளர்ந்தெழுந்து பல்லாயிரக்கணக்கில் வெட்டிச் சாய்க்கப்பட்டார்கள். இந்தப் படங்களைச் சும்மா 'நிலையாமை' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிலையாமையை மட்டும் சொல்ல நினைத்தவர் லஞ்சம் வாங்கும் கையை இவ்வளவு கவனமாக வரைந்திருக்க மாட்டார். உயிரோடு இருப்பவர்கள் தராத நியாயத்தைச் சாவின் வாயால் கேட்டவர் ஹோல்பைன்.

இனி நம்மூருக்கு வருவோம்.

தமிழில் ஆடும் எலும்புக்கூடு உண்டா என்று கேட்டால், உண்டு. காரைக்கால் அம்மையார். சதை வற்றி, விலா தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அவருடைய சோழர் காலச் செப்புத்திருமேனி ஒன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியிலும் இருக்கிறார். அவருடைய திருவாலங்காட்டுப் பதிகங்களின் களம் முழுக்கச் சுடுகாடுதான். ஆனால் அவர் யாரையும் இழுத்துப் போக வரவில்லை. இளமையையும் அழகையும் தானே உதறிவிட்டுத் தாளம் போடுகிறவர். ஐரோப்பிய எலும்புக்கூடு மற்றவரின் உயிரை எடுக்கிறது. இவர் தன் உடம்பைத் தானே கொடுத்துவிட்டவர்.

கோவைக்காரர்களுக்கு ஆட்டமும் சாவும் சந்திக்கும் இடம் பேரூர். பட்டீசுவரர் கோயிலின் கனகசபை 17ஆம் நூற்றாண்டில், மதுரை நாயக்கர் காலத்தில் எழுந்தது. அந்தத் தூண்களில் ஊர்த்துவ தாண்டவம், யானையை உரித்தவர், வீரபத்திரர், காளி என்று கல் முழுக்க ஆட்டமும் அழிவும். வெளியே நொய்யல் படித்துறையில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் திதி கொடுக்கக் கூட்டம் நெரிக்கும். இங்கே ஆற்றில் கரைத்த எலும்பு வெள்ளைக் கல்லாகும் என்பது நம்பிக்கை. இந்த எல்லைக்குள் சாகிற உயிரின் வலது காதில் சிவனே மந்திரம் ஓதுவார் என்பதும் நம்பிக்கை. பிறவாப் புளி, இறவாப் பனை என்ற இரண்டு மரங்களின் கதையும் இந்த ஊர்க்கதைதான். எனக்குப் பிடித்தது இன்னொன்று. சுந்தரர் வந்தபோது சிவனும் அம்மையும் உழவராய் வயலில் இறங்கி நாற்று நட்டார்கள் என்ற கதை. இன்றைக்கும் ஆனியில் பேரூரில் நாற்று நடவு விழா நடக்கிறது. ஆடுகிற கடவுளை உழவனின் பக்கத்தில் சேற்றில் நிறுத்திப் பார்க்க இந்த ஊருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

ஆனால் 'சாவின் ஆட்டம்' ஐரோப்பாவில் பிறந்தது கொள்ளைநோயில். ஆகவே நம்முடைய கொள்ளைநோயைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

1896இல் பம்பாயில் தொடங்கிய பிளேக், அடுத்து வந்த ஆண்டுகளில் சென்னை மாகாணத்துக்குள்ளும் பரவியது. கோவையை அது திரும்பத் திரும்பத் தாக்கியது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் கோவை நகரத்தில் 53,080 பேர். 1911இல் ஏறத்தாழ 47,000. பத்து ஆண்டில் வளர வேண்டிய ஊர் சுருங்கியது. எல்லோரும் செத்துப்போனதால் வந்த குறைவு என்று நினைக்க வேண்டாம். ஊரைக் காலி செய்துவிட்டுப் போனவர்களும் பலர். வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தோட்டங்காட்டில் ஓலைச் சாளை போட்டு மாதக்கணக்கில் தங்கினார்கள். ரயிலில் வருகிறவர்களை நிறுத்திச் சோதித்தார்கள்; 'பிளேக் பாஸ்போர்ட்' என்று ஒரு சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். எலியிலிருந்து தெள்ளுப்பூச்சி வழியாகத்தான் இந்த நோய் மனிதனுக்கு வருகிறது என்று பால் லூயி சிமோன் 1898இல் கராச்சியில் கண்டறிந்தார். ஆனால் எலி விழுந்தால் ஊரை விட வேண்டும் என்பதை மக்கள் அனுபவத்திலேயே அறிந்திருந்தார்கள்.

அந்த நாள்களில் பாசெல் நகரம் செய்ததை நம் ஊரும் செய்தது. கண்ணுக்குத் தெரியாத சாவுக்கு ஒரு முகம் கொடுத்தது. அந்த முகம் எலும்புக்கூட்டின் முகமாக இல்லை, தாயின் முகமாக இருந்தது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் இன்றும் இருக்கின்றன. கூழ் ஊற்றுகிறார்கள், வேப்பிலை கட்டுகிறார்கள், மாவிளக்கு எடுக்கிறார்கள். நூறு ஆண்டு கழித்து, கொரோனா இரண்டாம் அலையின் நடுவில், 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கருங்கல்லில் ஒன்றரை அடி உயரத்தில் கொரோனா தேவியை வைத்து 48 நாள் பூசை செய்தார்கள். நாடெங்கும் பத்திரிகைகள் அதை விந்தையாக எழுதின. பிளேக் மாரியம்மனைத் தெரிந்த ஊருக்கு அதில் விந்தை எதுவும் இல்லை. தடுப்பூசிக்கு வரிசையில் நின்றதும் அதே மக்கள்தான். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக அவர்கள் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

மாரியம்மன் என்றதும் நான் இன்றைக்கு முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்: கம்பம்.

கொங்கு நாட்டு மாரியம்மன் நோம்பியில் பூச்சாட்டியதும் மூன்று கவை உள்ள ஒரு மரக்கொம்பை வெட்டி வந்து, பட்டை சீவி, மஞ்சள் பூசி, அம்மனுக்கு நேர் எதிரே நடுவார்கள். அதுதான் கம்பம். அம்மனுக்குப் புருஷன் என்பது வழக்கு. விடியற்காலையில் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கம்பத்துக்கு ஊற்றுவார்கள். வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும் வழிந்து அந்த இடமே சேறாகிக் கிடக்கும். இரவில் கம்பத்தின் தலையில் தீச்சட்டி எரியும். மேளம் முழங்க, ஆண்கள் வட்டமாகச் சுற்றி ஆடுவார்கள். முதலில் மெதுவாக, ஒரே அடவு. மேளக்காரர் அடியை மாற்றினால் வட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் திரும்பும். கிழவர் முன்னால், அவர் காலைப் பார்த்துப் பேரன் பின்னால். இப்படியே நோம்பி முடிகிறவரை ஒவ்வொரு இரவும்.

கடைசி நாள் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். ஈரோட்டில் பெரிய மாரியம்மன் நோம்பியில் கம்பங்கள் ஊர்வலமாகப் போய்க் காவிரியில் சேரும். கரூரில் அமராவதியில் சேரும். புருஷன் போனான். சில ஊர்களில் அன்றைக்கு அம்மனுக்கு வெள்ளைச் சேலை சாத்துவதும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். சாகப்போகிற ஓர் உடம்பை ஊர் நடுவில் நட்டு, அதைக் குளிப்பாட்டி, அதைச் சுற்றி ஊரே ஆடி, பிறகு தண்ணீரில் விடுகிறோம். பாரிஸ் சுவரில் பிணங்கள் உயிருள்ளவர்களை ஆட்டத்துக்கு இழுத்தன. கொங்கில் உயிருள்ளவர்கள் சாவைச் சுற்றி ஆடுகிறார்கள். பாரிஸ் ஓவியம் பயமுறுத்தி எச்சரிக்கிற கலை. கம்பம், ஓர் இழப்பை ஊர் முழுவதும் சேர்ந்து தாங்கிப் பழகுகிற கலை. ஆண்டுதோறும் ஒருமுறை எல்லோருக்கும் பொதுவாக ஒரு சாவு நடக்கிறது. வீட்டில் தனியாக எழவு விழும்போது தாங்குவதற்கு அது பயிற்சி என்று நான் கருதுகிறேன். நம்முடைய கலை வரலாற்றுப் புத்தகங்களில் தூணுக்கும் செப்புத்திருமேனிக்கும் இடம் உண்டு, கம்பத்தாட்டத்துக்கு இல்லை. ஆற்றோடு போகிற பொருளைக் கலையாக எண்ண நமக்கு இன்னும் பழகவில்லை.

பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பாடும் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையும் இதே வழியில் வந்ததுதான். 1960களின் நடுவில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, உடுக்கடிப் பாட்டுக்காரர்கள் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர். பொன்னரும் சங்கரும் மாண்ட கதையைப் பாடி முடிக்கிற இடத்தில் படுகளம். அருள் வந்த ஆண்கள் பிணம்போலச் சாய்வார்கள், மேலே துணி போர்த்துவார்கள். அண்ணன்மாரின் தங்கை வந்து தண்ணீர் தெளித்து எழுப்புவாள். ஐரோப்பிய வரிசையில் விழுந்தவர் எழுவதற்கு இறுதித் தீர்ப்பு நாள்வரை காத்திருக்க வேண்டும். இங்கே விடிவதற்குள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

நியாயம் கேட்கிற சாவு நம்மிடம் இல்லையா என்றால், அதுவும் இருக்கிறது, ஆனைமலையில். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றாள் என்பதற்காக ஒரு பெண்ணுக்குக் கொலைத்தண்டனை கொடுத்தான் நன்னன் என்ற மன்னன். 81 யானையும் அவள் எடைக்குப் பொற்பாவையும் தருவதாகச் சொல்லியும் அவன் ஏற்கவில்லை. பரணர் குறுந்தொகையில் பதிவு செய்த செய்தி இது. அந்தப் பெண்ணே மாசாணியம்மனாகப் படுத்துக்கிடக்கிறாள் என்பது ஊர் வழக்கு. தை மாத விழாவில் நள்ளிரவில் ஆற்றங்கரை மயானத்தில், மயான மண்ணால் அவள் உருவம் செய்து பூசை நடக்கிறது. கோயிலில் நீதிக்கல் இருக்கிறது. திருட்டுக் கொடுத்தவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் நியாயம் கிடைக்காதவர்கள் மிளகாய் அரைத்து அந்தக் கல்லில் பூசுகிறார்கள். ஹோல்பைனின் நீதிபதி படத்தில் ஓரமாக நிற்கிற ஏழைக்கு ஆனைமலையின் விலாசம் கிடைத்திருந்தால் வந்திருப்பான்.

இனி, சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

ஹோல்பைன் வரிசையில் 'எல்லா மனிதரின் எலும்புகள்' என்று ஒரு படம் உண்டு. எலும்புக்கூடுகள் கூடி நின்று ஊதுகொம்பு ஊதி முரசு அடிக்கின்றன. எல்லா மனிதர் என்பதுதான் அங்கே சேதி. நம்மூரில் சாவுக்கு முழங்குவது பறை. வைக்கோலைக் கொளுத்தி, அந்தத் தணலில் தோலைக் காட்டிக் காட்டிச் சூடேற்றி, விரலால் தட்டிக் காது வைத்துப் பார்த்து, மறுபடியும் காய்ச்சுவார்கள். சுருதி ஏறிய பிறகுதான் இரண்டு குச்சிகளும் தோலைத் தொடும். பண்ணாடி வீட்டு எழவானாலும் பண்ணையாள் வீட்டு எழவானாலும் அடி தவறாது. ஆனால் ஊரில் எல்லோருடைய சாவுக்கும் அடித்தவர் செத்தால், அவர் போகிற பாதை வேறு, எரிகிற இடம் வேறு. சாதிக்கு ஒரு சுடுகாடு என்ற வழக்கம் கொங்குக் கிராமங்களில் இன்னும் ஒழியவில்லை.

இது நம் பகுதிக்கு மட்டும் உரிய குறை இல்லை. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே பாதை மறுக்கப்பட்ட ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்தது. 2021இல் தமிழக அரசு, சாதி வேறுபாடற்ற மயானம் உள்ள முன்மாதிரிச் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது. ஒரே மயானத்துக்குப் பரிசு கொடுக்க வேண்டிய நிலையில் இருக்கிறோம். ஐந்நூறு ஆண்டுக்கு முன் பாசெல் நகரத்துக் கட்டைச் செதுக்குக்காரர் ஒருவர் போப்பையும் உழவரையும் ஒரே அளவுக் கட்டையில் வைத்தார்.

மாற்றம் இல்லாமலும் இல்லை. நகரத்தில் எரிவாயு தகன மேடைகள் வந்தபின் யாரும் அங்கே சாதி கேட்பதில்லை, வரிசை எண்தான். பறையை இன்று கோவையில் கல்லூரிப் பிள்ளைகள், பெண்கள் உட்பட, ஆசையாகக் கற்றுக்கொண்டு மேடையில் அடிக்கிறார்கள். மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கருவிக்குக் கிடைத்த மரியாதை அதைச் சாவு வீட்டில் அடித்தவர்களின் உடலுக்கும் கிடைக்க வேண்டும்.

இந்த அரங்கில் பஞ்சாயத்துப் பொறுப்பில் இருப்பவர்களும் கோயில் கமிட்டியில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அடுத்த நோம்பிக்கு உங்கள் ஊர்க் கம்பத்தாட்டத்தின் அடவுகளையும் மேள அடிகளையும், அவற்றைத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே, ஆடுகிறவர், அடிக்கிறவர் பெயரோடு பதிவு செய்யுங்கள். இரண்டாவது, அடுத்த கிராம சபையில் எழுந்து, ஊருக்கு ஒரே மயானம், அதற்கு எல்லோருக்கும் ஒரே பாதை என்று தீர்மானம் கேளுங்கள். மனுவை இன்றைக்கே எழுதலாம். கையெழுத்துப் போட ஊருக்குப் பத்துப் பேர் கிடைத்தால் போதும்.